புரிந்தபின் இடும் கையொப்பம்



ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே! மனிதவளக் குழுவுக்குத் தலைமை ஏற்போர் பிறர்க்கு வழிகாட்டுபவர் என்பது பொதுவான எண்ணம். சிங்கப்பூரில் அத்தகைய குழு ஒன்றை நடத்திய ஆண்டுகளில் நாங்கள் கற்பித்ததைவிடக் கற்றதே மிகுதி. கற்பித்தவர்கள் எங்களுடன் பணியாற்றிய சக ஊழியர்கள். அவர்கள் தந்த பாடங்களுள் மூன்றினை இங்கு எடுத்துரைக்க விழைகின்றோம். மூன்றும் ஒரே கருத்தில் சென்று சேர்கின்றன: தாளில் எழுதப்பட்ட உரிமை, உரியவர் அதனை அறிந்த பின்னரே அவருக்குப் பயன்படும்.

முதற்பாடம் சம்பளப் பிரிவில் இருந்த மூத்த அம்மையார் தந்தது. 2016 ஏப்ரல் 1 முதல், முக்கிய வேலை நிபந்தனைகளை எழுத்தில் தருவதும், விவரங்களைத் தனித்தனியே காட்டும் சம்பளச் சீட்டு வழங்குவதும் முதலாளியின் கடமை என வேலை நியமனச் சட்டம் வகுத்துள்ளது. சீட்டைத் தந்துவிட்டால் கடமை முடிந்தது எனலாம். அவர் அத்துடன் நிற்பதில்லை. புதிய தொழிலாளரை அருகில் அமர்த்திக் கணிப்பானை அவர் கையிலேயே கொடுப்பார். மாத அடிப்படைச் சம்பளம் 1,144 வெள்ளி எனக் கொள்வோம். அதனை 12ஆல் பெருக்கி, 52 வாரங்களாலும் வாரத்துக்குரிய 44 மணி நேரத்தாலும் வகுத்தால் மணிக்கு 6 வெள்ளி. மிகைநேர வேலைக்குக் குறைந்தது ஒன்றரை மடங்கு. ஆகவே மணிக்கு 9 வெள்ளி. ‘மிகைநேரம்’ என்றதும் விழிப்பவர், ‘ஓவர்டைம்’ என்றதும் நிமிர்ந்து அமர்வார். அம்மையார் இரு சொற்களையும் சேர்த்தே சொல்வார். கணக்கைத் தாமே ஒருமுறை போட்டவர், பின்னொரு மாதம் தொகை குறைந்தால் தயங்காமல் வந்து கேட்பார்.

இரண்டாம் பாடம் இளைஞர் ஒருவர் தந்தது. வேலை அனுமதி பெற்று வரும் வெளிநாட்டு ஊழியருக்கு, ஒப்புதல் கடிதம் அவர் புறப்படும் முன்பே தாய்மொழியில் அனுப்பப்படல் வேண்டும். தமிழகத்திலிருந்து வருவோர் அதனைத் தமிழில் பெறுகின்றனர். ஆயினும், தாய்மொழியில் உள்ளதெல்லாம் தானே விளங்கிவிடுவதில்லை. “புரிந்ததா?” என்று கேட்டால் “புரிந்தது” என்றே விடை வரும். வேலை போய்விடுமோ என்னும் அச்சமும், படிக்காதவர் என எண்ணிவிடுவரோ என்னும் நாணமும் அவ்விடையைத் தருகின்றன. ஆகவே அவ்விளைஞர் அவ்வினாவையே கைவிட்டார். “அண்ணே, நாளைக்குக் காலையில காய்ச்சல்னா முதல்ல என்ன செய்வீங்க?” என்பார். “மாத்திரை போட்டுக்கிட்டு வேலைக்குப் போவேன் தம்பி. லீவு போட்டா சம்பளம் போயிடும்ல?” என்பது ஒருவர் தந்த விடை. ஆறு மாதம் பணியாற்றியவர்க்கு, மருத்துவச் சான்றிதழின்பேரில் ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்துடன் கூடிய நோய்விடுப்பு உண்டு என்பது அவர் கையொப்பமிட்ட தாளிலேயே இருந்தது. சாரத்தில் காய்ச்சலோடு ஏறுபவரின் உயிர் ஒரு சொல்லின் விளக்கத்தைப் பொறுத்திருக்கலாம் என்பதை அன்று உணர்ந்தோம்.

மூன்றாம் பாடம் முதிய ஊழியர் பற்றியது. 2022 ஜூலை 1 அன்று ஓய்வு வயது 63, மறுவேலைவாய்ப்பு வயது 68 என்றாயின. ஓய்வு வயதை எட்டுபவர்க்கு மறுவேலை நிபந்தனைகளைக் குறைந்தது மூன்று மாதம் முன்னரே அறிவித்தல் நன்று என்பது முத்தரப்பு வழிகாட்டுதல். கடிதம் அனுப்பும் முன் நேரில் பேசியாக வேண்டும் என வலியுறுத்தியவர் எங்கள் குழுவின் ஆவணப் பொறுப்பாளர். ‘ஓய்வு’ என்னும் சொல்லை முதல் வரியில் கண்டவர் இரண்டாம் வரியைப் படிப்பதில்லை என்றார் அவர். முப்பது ஆண்டு உழைத்தவர்க்கு அச்சொல், ‘இனி நீர் வேண்டா’ என்றே ஒலிக்கும்.

ஒவ்வொருவர்க்கும் அரைமணி நேரம் செலவிட இயலுமா என மேற்பார்வையாளர்கள் வினவியதுண்டு. நியாயமான வினாவே. பலர் ஒருங்கே சேரும் நாளில், சிறு குழுக்களாக அமர்த்தி, முதலில் விளங்கிக்கொண்டவர் அடுத்தவர்க்குச் சொல்லுமாறு செய்தோம். உடன் உழைப்பவர் சொல்லும்போது, எங்களிடம் கேட்கத் தயங்கிய ஐயங்களும் வெளிவந்தன.

ஆசிரியர்களே, “புரிந்ததா?” என்னும் வினா வகுப்பறையிலும் அன்றாடம் ஒலிக்கின்றது, அங்கும் அதே விடைதான் வருகின்றது. கதை, கட்டுரைகளோடு ஒரு சம்பளச் சீட்டையும் ஒரு நியமனக் கடிதத்தையும் தமிழ்ப் பாடத்துள் கொண்டு வாருங்கள். மாணவர்களே, நாளை உங்களுள் சிலர் அக்கடிதங்களை எழுதுவீர்கள். சிலர் அவற்றை மொழிபெயர்ப்பீர்கள். எல்லாரும் அவற்றில் கையொப்பமிடுவீர்கள். நீங்கள் கற்கும் தமிழ், எதிரில் அமர்ந்திருப்பவர் தம் உரிமையைத் தம் வாயாலேயே எடுத்துச் சொல்லும் அளவுக்கு அவருக்குத் துணை நிற்கட்டும்.