பயிற்றுநரைப் பயிற்றுவித்தல்

1920-ஆம் ஆண்டில் ஹாரி குரோ பக் என்பார் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். 1961-இல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் தோன்றியது. விளையாடுதல் வேறு, விளையாடக் கற்பித்தல் வேறு என்பதே இவற்றின் அடிப்படை.

ஆயினும், பயிற்றுநராக வருவோர் அனைவரும் ஒரு தன்மையர் அல்லர். பல்லாண்டு ஓடிப் பழகியவருக்கு உடற்கூறு தெரியாதிருக்கலாம். உடற்கூறு கற்றவருக்கு ஓட்டத்தின் நுட்பம் புலப்படாதிருக்கலாம். இருவருக்கும் ஒரே பாடத்தை ஓதுவதால் பயன் என்ன? ஆசிரியப் பயிற்சியில், பயில்வோர் பாடம் நடத்துவதை மூத்தவர் பின்னே அமர்ந்து நோக்கி, அவரவர் குறையைத் தனித்தே எடுத்துரைப்பர். ஆடுகளத்துக்கும் அம்முறை வேண்டும்.

பத்து வயதுச் சிறுவனின் எலும்பு இன்னும் வளர்வது. வளர்ந்தோர்க்குரிய சுமையை அவன்மீது ஏற்றினால் ஊறு நேரலாம். தம் குறையைத் தனித்துணர்ந்த பயிற்றுநரே சிறுவர் ஒவ்வொருவரின் அளவையும் தனித்தறிவார். நாளை அப்பணியை ஏற்போர் இதனை மறவாதிருப்பீராக.