சைனஸின் வடிகால் வாய்களும் சி.டி. படமும்



கன்னத்து எலும்புக்குள் இருக்கும் மேல்தாடை சைனஸின் வாய் தரையை ஒட்டி இல்லை. உட்சுவரின் உச்சிக்கு அருகில், சில மில்லிமீட்டர் அகலத்தில் இருக்கிறது. நிற்கும் மனிதனுக்குச் சளி மேலே ஏறித்தான் வெளியே வர வேண்டும். ஏற்றிவிடுபவை சவ்வின் மேலுள்ள நுண்ணிழைகள். அடியில் புதிதாக ஓர் ஓட்டை போட்டுக் கொடுத்தாலும் அவை சளியைப் பழைய வாய்க்கே தள்ளிச் செல்கின்றன. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் வால்டர் மெஸ்ஸர்க்ளிங்கர் பல்லாண்டு உழைத்து நிலைநாட்டிய இந்த உண்மையே சைனஸ் மருத்துவத்தின் அடித்தளம் என்பது என் எண்ணம். நோய் பெரும்பாலும் அறையில் தொடங்குவதில்லை, வாசலில் தொடங்குகிறது.

அந்த வாசலை எக்ஸ்ரே காட்டவில்லை. முகவாயை நிமிர்த்தி எடுக்கும் வாட்டர்ஸ் படத்தில் நீர் தேங்கியிருப்பது தெரியும். ஏன் தேங்கியது என்பது தெரியாது. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கதிரியல் மருத்துவர் ஜேம்ஸ் சின்ரைக்கும் அறுவை மருத்துவர் டேவிட் கென்னடியும் 1987இல் வெளியிட்ட கட்டுரை, முகத்தை நெற்றிக்கு இணையான தளத்தில் காட்டும் கொரோனல் சி.டி.யை முன்வைத்தது. எண்டோஸ்கோப்பில் அறுவை மருத்துவர் காணும் தளமும் அதுவே. அன்று நோயாளி குப்புறப் படுத்துத் தலையை நிமிர்த்திக் கிடக்க வேண்டும். இன்று மல்லாந்து படுத்தால் போதும். மெல்லிய துண்டுப் படங்களிலிருந்து கணினி மூன்று தளங்களையும் கட்டித் தருகிறது.

அந்தப் படத்தில் மேல்தாடை சைனஸின் வாயிலிருந்து ஒரு குறுகிய சந்து கிளம்புகிறது. அன்சினேட் என்ற கொக்கி எலும்புக்கும் எத்மாய்டு புல்லா என்ற புடைப்புக்கும் நடுவே ஏறி, மூக்கின் பக்கச்சுவரிலுள்ள நடு டர்பினேட் என்ற எலும்பு மடிப்பின் அடியில் திறக்கிறது. நெற்றி சைனஸும் முன் எத்மாய்டு அறைகளும் இதே வட்டாரத்தில் வடிகின்றன. இங்கே சவ்வு சற்று வீங்கினாலும் மூன்றும் அடைபடக்கூடும். கண்குழியின் அடியில் ஹாலர் அறை என்ற எத்மாய்டு காற்றறை புடைத்திருக்கலாம். டர்பினேட்டுக்குள் காற்றறை உருவாகி அது பருத்திருக்கலாம். நலமாக இருப்பவர்களிடமும் இவை உண்டு. வழியை நெருக்குகின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும்.

இவ்வறைகளுக்கு மேலே மூளையைத் தாங்கும் தளம். முகர்வு நரம்பு தங்கும் பள்ளத்தின் ஆழத்தை 1962இல் கெரோஸ் என்ற ஆய்வாளர் மூன்றாக வகுத்தார். 8 மில்லிமீட்டருக்கு மேல் ஆழமிருந்தால் அப்பள்ளத்தின் பக்கத்து எலும்புத் தகடு நீண்டு, மெலிந்து, கருவி பட்டால் உடையும் நிலையில் நிற்கும். கத்தி எடுக்குமுன் இதை அளந்தே தீர வேண்டும்.

படத்தை எப்போது எடுப்பது என்பதும் முக்கியம். சாதாரண ஜலதோஷம் கண்ட 31 பேரை சி.டி. எடுத்துப் பார்த்த ஆய்வு 1994இல் வந்தது. 87 சதவீதத்தினருக்கு மேல்தாடை சைனஸில் மாற்றம் இருந்தது. மறுபடியும் படம் எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு, ஆன்டிபயாட்டிக் இல்லாமலே, அது தெளிந்துவிட்டது. ஆகவே சளி பிடித்த வாரத்தில் ஸ்கேனுக்கு அனுப்பாதீர்கள் என்று இளம் மருத்துவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மருந்து கொடுத்து, வீக்கம் வடிந்தபின் எடுங்கள். அப்போது மிஞ்சியிருப்பதே உண்மையான அடைப்பு. அறிக்கை எழுதும் கதிரியல் மருத்துவர்களும் "சைனஸில் சளி" என்று முடித்துவிடாமல் ஒவ்வொரு வாயும் திறந்திருக்கிறதா, எது அடைத்திருக்கிறது என்பதை இடமும் வலமும் தனித்தனியே எழுத வேண்டும்.