தோற்றுப்போன பந்தயங்கள்

மின்னஞ்சல் அனுப்புவது சுலபம். படிப்பவரை உள்ளே இருக்கும் இணைப்பைத் தொட வைப்பதுதான் பெரும்பாடு. அதில் கைதேர்ந்த ஒரு கூட்டம் 2012இல் சிகாகோவில் இருந்தது. அதிபர் ஒபாமாவின் மறுதேர்தல் பிரசார அலுவலகம்தான் அது.

நன்கொடை கேட்டுக் கடிதம் எழுதுவார்கள். ஒன்றல்ல, தலைப்பையும் வாசகத்தையும் மாற்றி மாற்றி, சில சமயம் 18 வடிவங்கள் வரை. ஒவ்வொன்றும் முதலில் ஆதரவாளர்களில் ஒரு சிறு பகுதிக்குப் போகும். எதற்குப் பணம் அதிகம் விழுகிறதோ, அதுவே மீதமுள்ள கோடிக்கணக்கானவர்களுக்கும்.

அந்த ஆண்டு ஜூன் மாதக் கடிதம் ஒன்றைக் கேளுங்கள். எதிரணி தன்னைவிட அதிகம் செலவழிக்கப்போகிறது என்று ஒபாமாவே சொல்வதுபோல் ஒரு தலைப்பு. திரண்டது 26 லட்சம் டாலருக்கு மேல்! சோதனையில் கடைசியில் நின்ற வடிவத்தை அனுப்பியிருந்தால் ஏறக்குறைய 4 லட்சம்தான் தேறியிருக்கும் என்று கணக்குப் போட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், எது ஜெயிக்கும் என்று அந்த நிபுணர்களால் ஊகிக்கவே முடியவில்லை. குழுவின் தரவு ஆய்வுத் தலைவர் அமீலியா ஷோவால்டர் இதை வெளிப்படையாகவே சொன்னார். தங்களுக்குள் பந்தயம் கட்டுவார்களாம், பெரும்பாலும் தோற்பார்களாம். 'ஹே' என்ற ஒற்றைச் சொல் தலைப்பு சக்கைப்போடு போட்டது. கண்ணை உறுத்தும் மஞ்சளில் வரிகளைப் பூசிப் பார்த்தார்கள், அதுவும் எடுபட்டது. ஆனால் பழகியதும் பலன் குறைந்துவிட்டது.

நேயர்களே, இது அவர்களுக்குப் புதிதும் அல்ல. முதல் தேர்தலுக்கு முன்பே, ஆதரவாளர்களின் மின்னஞ்சல் முகவரி திரட்டும் பக்கத்தை டான் சிரோக்கர் என்பவர் சோதித்தார். ஊழியர்கள் நம்பியது வீடியோவை. படங்களோ வீடியோக்கள் எல்லாவற்றையும் முந்தின. ஒபாமாவின் குடும்பப் படமும், 'மேலும் அறிய' என்ற பொத்தானும் சேர்ந்தபோது, பதிவு செய்தவர்கள் 100க்கு 8 பேர் என்பது 11 பேரைத் தாண்டியது.

சரி, பலனை அளப்பது எப்படி? 10,000 பேருக்குக் கடிதம் போய்ச் சேர்ந்து, 200 பேர் இணைப்பைத் தொட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். கிளிக் விகிதம் 2 சதவீதம். ஒரே ஆள் ஐந்து முறை தட்டினாலும் ஒன்றுதான். திறந்தவர்கள் எண்ணிக்கையை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். 2021 செப்டம்பரில் ஆப்பிள் கொண்டுவந்த அந்தரங்கப் பாதுகாப்பு, கடிதத்தின் படங்களைத் தானே முன்கூட்டி இறக்கிவிடுகிறது. படம் இறங்கினாலே திறந்ததாகக் கணக்கு என்பதால், ஆள் படிக்காமலே 'திறந்தார்' என்று ஏறும். நிறுவனங்களின் பாதுகாப்பு மென்பொருளும் இணைப்புகளைத் தட்டிப் பார்ப்பதுண்டு. கடிதம் போன சில நொடிகளில் குவியும் கிளிக்குகளைச் சந்தேகப்படுவது நல்லது.

நேரம் நெருங்குகிறது, சுருக்கமாகச் சில குறிப்புகள். ஒரு கடிதத்துக்கு ஒரே வேண்டுகோள். கட்டைவிரலுக்கு வாகான பொத்தான். சோதனைக்கு ஒரு மாற்றம் மட்டும். பட்டியலைப் பிரிக்கும்போது ஆள் பார்த்துப் பிரிக்காமல் குலுக்கல் முறை. விலக விரும்புபவரை ஒரே தட்டலில் விட்டுவிட வேண்டும். தன் பயனர்களுக்கு ஒரு நாளைக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புவோரின் விளம்பரக் கடிதங்களுக்கு ஜிமெயில் 2024இல் அதைக் கட்டாயமாக்கிவிட்டது. வாடிக்கையாளருக்குக் கடிதம் எழுதும் நேயர்கள், அடுத்த முறை இரண்டு தலைப்பாவது எழுதிச் சிறு குழுவிடம் பார்த்துவிட்டு அனுப்புவார்கள் என்று நம்பலாம்.