கடல் கடந்த ஹைத்தியரும் அவர்தம் மரபு விழாவும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் சிலம்பையோ குறளையோ பேசுவது வழக்கம். இன்று நாம் வேற்று நாட்டார் விழா ஒன்றனைப் பற்றிப் பேச முற்படுகின்றோம். பிறந்த மண்ணை விட்டுத் தொலைவில் வாழ்வோர் தம் விழாவை எதன்பொருட்டு எடுக்கின்றனர் என்பதனை அறிவது, அந்நிலையிலேயே வாழும் நமக்குப் பயனுடையதன்றோ?

கரிபியன் கடலிலுள்ள தீவொன்றின் மேற்குப் பகுதியே ஹைத்தி. கரும்பும் காப்பியும் செழித்த அந்நிலத்தைப் பிரெஞ்சுக்காரர் ஆண்டனர். உழைத்தோரோ ஆப்பிரிக்காவிலிருந்து கொணரப்பட்ட அடிமைகள். 1791 ஆகஸ்டு மாதத்தில் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். தலைமை தாங்கிய தூசான் லூவர்த்தூர் பிரெஞ்சு நாட்டு மலைக்கோட்டைச் சிறையில் 1803இல் நோயுற்று மாண்டார். ஆயினும் நெப்போலியனின் படை தோற்றது. 1804 ஜனவரி முதல் நாளன்று தெசலீன் என்னும் படைத்தலைவர் விடுதலையை அறிவித்தார். அடிமைகள் தாமே போரிட்டு வென்று தமக்கென நாடு அமைத்த வரலாறு வேறு எங்கும் இல்லை.

அவ்வெற்றிக்கு அவர்கள் செலுத்திய விலையையும் சொல்லாமல் விடலாகாது. 1825இல் பிரெஞ்சு மன்னர் போர்க்கப்பல்களை அனுப்பி, 15 கோடி பிராங்கு நட்டஈடு தந்தால்தான் விடுதலையை ஒப்புவோம் என்றார். 1838இல் அது 9 கோடியாகக் குறைந்தது. அதற்கென வாங்கிய கடனும் வட்டியும் தீர்ந்த ஆண்டு 1947. பேரேடு எழுதிப் பிழைப்போராகிய நாம் எத்தனையோ பற்று வரவுகளைப் பார்த்திருக்கிறோம். அடிமைப்பட்டவன் ஆண்டானுக்கு நட்டஈடு கட்டிய கணக்கை வேறெந்த ஏட்டிலும் கண்டதில்லை.

வறுமையும் கொடுங்கோன்மையும் அம்மக்களை வெளியே துரத்தின. 1957இல் துவாலியே ஆட்சிக்கு வந்தபின் படித்தோர் பலர் நியூயார்க்கிற்கும் மாண்ட்ரியலுக்கும் சென்றனர். 1970களில் ஏழைகள் சிறு படகேறி மியாமிக் கரை சேர்ந்தனர். சேர்ந்த இடத்தில் காத்திருந்தது இகழ்ச்சி. எய்ட்ஸ் நோயை ஹைத்தியரோடு பிணைத்துப் பேசினர். 1990இல், ஹைத்தியர் எவரும் இரத்த தானம் செய்யலாகாது என்று அமெரிக்க அரசின் மருந்துத் துறை விதித்தது. அவ்வாண்டு ஏப்ரல் 20ஆம் நாள் பல்லாயிரவர் புரூக்ளின் பாலத்தின் வழியே திரண்டு நடந்தனர். ஆண்டு முடிவதற்குள் அவ்விதி கைவிடப்பட்டது.

விதி நீங்கிற்று, பிள்ளைகளின் நெஞ்சில் ஏறிய நாணம் அத்துணை எளிதில் நீங்கவில்லை. பள்ளியில் ஏச்சும் அடியும் பட்ட ஹைத்தியச் சிறுவர் பலர், தாம் இன்னார் என்பதனையே மறைத்து வளர்ந்தனர். நம் காலனிப் பிள்ளைகளுள்ளும் ‘மதராஸி’ என்ற கேலிக்குக் கண் கலங்கி வீடு திரும்பியோர் உண்டு. ஆதலின் இதனை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இந்நாணத்தைப் போக்கும் மருந்தாகவே மரபு விழாவை நாம் காண்கின்றோம். 1998இல் பாஸ்டன் நகரில் மே மாதத்தை ஹைத்திய மரபுத் திங்களாகக் கொண்டாடத் தொடங்கினர். மே 18 அவர்களது கொடி நாள். 1803இல் அந்நாளில், பிரெஞ்சுக் கொடியின் வெண்பகுதியை நீக்கி, நீலத்தையும் சிவப்பையும் இணைத்தனர். கத்தரீன் ஃப்லோன் என்னும் நங்கை அதனைத் தைத்தாள் என்பது செவிவழிச் செய்தி. நேற்று வரை ஊர்ப்பெயரை மறைத்த குடும்பத்தின் பிள்ளை இன்று அந்நிறங்களை உடுத்துத் தெருவில் நடக்கின்றது. ‘ராரா’ என்னும் ஊர்வல இசையும் உண்டு. அதில் மூங்கிற்குழல் ஊதுவோர் ஒவ்வொருவர்க்கும் ஒரே ஒரு சுரம். முறை தவறாது மாறி மாறி ஊதினாலன்றிப் பாட்டு உருவாகாது. சங்கம் நடத்துவோர் அறிய வேண்டிய இசை!

மொழியைப் பற்றி ஒரு சொல். ஹைத்தியர் அனைவரும் பேசுவது கிரெயோல். படித்தவரோ பிரெஞ்சையே உயர்வாகக் கருதினர். 1987ஆம் ஆண்டு அரசியல் சட்டமே இரண்டனையும் ஆட்சி மொழிகளாக ஆக்கிற்று. கொடியும் கூத்தும் இருந்து, வீட்டில் கிரெயோல் ஒலிக்காவிடின் அவ்விழா பொம்மைக் கொலுவாகும் என்பது எமது துணிபு.

அவர்தம் விழாக்களுள் எம் மனத்தை மிகவும் கவர்ந்தது மேடை இல்லாத ஒன்று. ஜனவரி முதல் நாள், ஹைத்தியர் வாழும் ஊரெங்கும் அடுப்பில் பரங்கிக்காய் சூப் கொதிக்கும். ‘சூப் ஜூமூ’ என்பர். அடிமைகள் தம் கையால் சமைத்தும் தாம் உண்ணலாகாது என்று விலக்கப்பட்டிருந்த உணவு அது என்று வழிவழியாகச் சொல்வர். ஆகவே விடுதலை நாளில் அனைவரும் அதனை உண்பர். அண்டை வீட்டார்க்கும் கொடுத்தனுப்புவர். 2021 டிசம்பரில் யுனெஸ்கோ அதனை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. அப்பட்டியலில் ஹைத்தியின் முதற்பெயர் அச்சூப்பே. பனி பெய்யும் மாண்ட்ரியல் வீட்டில், ‘இதை ஏன் இன்று சமைக்கிறாய்?’ என்று பேரன் கேட்க, அகப்பையைக் கீழே வைக்காமலே பாட்டி 1804ஆம் ஆண்டின் கதையைச் சொல்லிவிடலாம்.