கப்பமும் மானமும்

(கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிசிலித் தீவின் தலைநகர் பலெர்மோ. ஈழத்தமிழர் கணிசமாக வாழும் ஊர். அவர்களைப் பார்க்கப் போன இடத்தில்தான் ‘பிட்ஸோ’ என்ற சொல் காதில் விழுந்தது. கடைக்காரர்கள் மாஃபியாவுக்குக் கட்டும் கப்பம். சிசிலி மொழியில் பறவையின் அலகு என்று பொருள். அலகை நனைத்துக்கொள்கிறார்களாம்! கட்ட மறுத்தால் முதலில் பூட்டுக்குள் பசையை ஊற்றுவார்கள். காலையில கடை திறக்க முடியாது. அதிலும் புரியலேன்னா, தீ. வங்கியில் பேரேடு எழுதுகிறவன் நான். எந்தப் பேரேட்டிலும் ஏறாத செலவு இது.

லிபேரோ கிராஸ்ஸி என்பவர் அங்கே துணி ஆலை நடத்தியவர். கப்பம் கேட்டவனையே விளித்து, தரமாட்டேன் என்று 1991 ஜனவரி 10 அன்று பத்திரிகையில் பகிரங்கக் கடிதம் எழுதினார். சக முதலாளிகள் ஒதுங்கிக்கொண்டார்கள். ஆகஸ்ட் 29 காலை தெருவில் சுட்டுக் கொன்றார்கள். அவர் விழுந்த இடத்தில் குடும்பத்தார் ஆண்டுதோறும் ஒரு தாள் ஒட்டுகிறார்கள். கொன்றது மாஃபியா மட்டுமல்ல, முதலாளிகள் சங்கத்தின் மௌனமும்தான் என்கிறது அந்தத் தாள்.

2004 ஜூனில் இளைஞர்கள் சிலர் இராவோடு இராவாக ஊர் முழுக்கச் சுவரொட்டி ஒட்டினார்கள். பார்க்க இரங்கல் அறிவிப்பு மாதிரி. கப்பம் கட்டும் ஜனம் மானமில்லாத ஜனம் என்பது அதன் சாரம். அதிலிருந்து ‘அத்தியோபிட்ஸோ’ இயக்கம் பிறந்தது. கப்பம் கட்டாத கடைகளைப் பட்டியல் போட்டு, அங்கேயே வாங்குங்கள் என்றார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது 2016. மக்வேதா தெருவில் வங்கதேசத்திலிருந்து பிழைக்க வந்தவர்களின் சின்னச் சின்னக் கடைகள். கப்பத்தோடு இனவெறி வசையும் அடியும். அந்த ஏப்ரலில் அதே பகுதியில் காம்பிய இளைஞர் ஒருவரைத் தலையில் சுட்டார்கள். அதற்குப் பிறகு, காலங்காலமாக உள்ளூர் வியாபாரிகள் பலர் செய்யத் துணியாததை இந்த வந்தேறிகள் செய்தார்கள். இயக்கத்தின் துணையோடு, ஒருத்தர் ரெண்டு பேரா இல்லாம, சேர்ந்து புகார் கொடுத்தார்கள். மே மாதம் பத்துப் பேர் கைதானார்கள்.

கிராஸ்ஸிக்குத் துணிச்சல் இருந்தது, ஆள் இல்லை. இவர்களிடம் பணமும் இல்லை, செல்வாக்கும் இல்லை. பக்கத்துக் கடைக்காரன் இருந்தான்.

நம்மிடம் 1989லேயே வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தாச்சு. ஆனா சேரியில ஒருத்தர் புகார் எழுதிக்கிட்டு ஸ்டேஷன் வாசல்ல தனியா நிக்கிறாரு. ஊர் மிரட்டலுக்குச் சாட்சி கலைஞ்சு போவுது. அடுத்த புகாருக்கு அவரோட எத்தனை பேர் போறோம்? எத்தனை பேர் சாட்சிக் கையெழுத்துப் போடறோம்? அதை இன்னிக்கே, இந்தக் கூட்டத்துலயே முடிவு பண்ணணும்.