நெடுந்தீவின் பெயரும் நீலப் பீங்கானும்

நெடுந்தீவை ஆங்கிலத்தில் எழுதுவோர் இன்றும் டெல்வ்ற் என்றே எழுதுகின்றனர். 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், சுற்றியுள்ள தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். காரைதீவு அம்ஸ்ரர்டாம் ஆயிற்று. வேலணை லெய்டன் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் எனப்பட்டது. புங்குடுதீவு மிடில்பேர்க் எனப்பட்டது. அப்பெயர்களெல்லாம் ஏட்டோடு நின்றுவிட, நெடுந்தீவுக்கு இட்ட பெயர் மட்டும் தேசப்படத்திலும் தபால் முகவரியிலும் ஒட்டிக்கொண்டது.

பெயர் ஒட்டிக்கொண்டதோடு ஒரு மயக்கமும் ஒட்டிக்கொண்டது. ஒல்லாந்து நாட்டு டெல்வ்ற் நகரம் நீலச் சித்திரம் தீட்டிய வெண்ணிற மட்கலங்களுக்கு உலகப் புகழ் பெற்றது. ஆகவே, தீவகத்து வீடொன்றின் பெட்டகத்தில் நீலப்பூ எழுதிய பழந்தட்டு ஒன்று (யாழ்ப்பாணத்தார் அதனைக் கோப்பை என்பர்) இருக்கக் கண்டால், 'ஒல்லாந்தர் ஆண்ட தீவு. டெல்வ்ற் என்ற பெயர். எனவே இது டெல்வ்ற் கலமே' என்று முடிவு கட்டுவது எளிது. வாங்க வருபவனும் தனக்கு இலாபமானால் அவ்வாறே சொல்வான். இலாபமில்லையெனில் 'நேற்றுக் கடையில் வாங்கியது' என்பான். இரண்டு சொல்லையும் நம்பாமல் கலத்தையே கேட்பது எவ்வாறு?

முதலில், டெல்வ்ற் கலம் உண்மையில் பீங்கான் அன்று. சீனத்துப் பீங்கான் வெண்களிமண்ணாலானது. ஏறத்தாழ 1,300 பாகைச் சூட்டில் வெந்து கண்ணாடிபோல் இறுகியது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்தக் கப்பல்கள் அதனைப் பெருமளவில் ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றன. 1644இல் சீனத்து மிங் அரசு வீழ்ந்து நாடு கலங்கியபோது அவ்வரவு குறைந்தது. அந்த வெற்றிடத்தைக் கண்ட டெல்வ்ற் நகரத்துக் குயவர், தம் நாட்டுச் சாதாரணக் களிமண்ணிற் கலம் வனைந்து, வெள்ளீயம் கலந்த கண்ணாடிப் பூச்சினால் அதன் மேனியை வெண்மையாக்கி, கோபாற்று நீலத்தாற் சீனச் சித்திரங்களை எழுதினர். புகழ் ஓங்கிய நாட்களில் முப்பதுக்கு மேற்பட்ட பட்டறைகள் அந்நகரில் இருந்தன. நெடுந்தீவுக்குப் பெயர் வைத்த காலமும் அத்தொழில் வளர்ந்த காலமும் ஒன்றே. ஆனால் பெயர் கப்பலேறி வந்ததனால் கலமும் வந்தது என்று கொள்வதற்கில்லை.

வெண்மை டெல்வ்ற் கலத்தின் தோலில் மட்டுமே உள்ளது. விளிம்பிலோ அடியிலோ சிறிது பெயர்ந்த இடத்தைத் தேடிப் பார்த்தால் உள்ளே மங்கிய மஞ்சளாகவோ பழுப்பாகவோ மண் தெரியும். அதன்மேல் ஒரு துளி நீரை வைத்தால் மண் அதனை உறிஞ்சிவிடும். சீனப் பீங்கானின் உடைந்த முகமோ உள்ளும் புறமும் வெண்மை. நீர்த்துளி அதன்மேல் முத்தாக நிற்கும். பீங்கானின் மெல்லிய பகுதியை விளக்குக்கு நேரே பிடித்தால் விரலின் நிழல் ஊடாகத் தெரியும். டெல்வ்ற் கலத்திலே தெரியாது. விரலாற் சுண்டினால் நல்ல பீங்கான் மணிபோல் ஒலிக்கும். மட்கலம் 'தொப்' என்று அடங்கும். இவற்றுக்கு எந்தப் பண்டிதரும் வேண்டியதில்லை. பூச்சுக்கும் மண்ணுக்கும் முழு இசைவு இல்லாமையால், பழைய டெல்வ்ற் தட்டுகளின் விளிம்பு பெரும்பாலும் எலி கொறித்தாற்போற் பெயர்ந்திருக்கும். சூளையில் தட்டுகள் சிறு முளைகள்மேல் தாங்கி வைக்கப்பட்டமையால், விளிம்பின் அடிப்புறத்தில் மூன்று சிறு வடுக்கள் காணப்படுவதும் உண்டு.

அடுத்தது சித்திரம். டெல்வ்ற் ஓவியர் சுடாத பூச்சின்மேல், ஈரத்தை உறிஞ்சும் தூள்போன்ற பரப்பின்மேல் எழுதினர். வைத்த கோட்டை அழிக்க வழியில்லை. ஆதலால் அக்கோட்டிலே தூரிகையின் வேகமும், தடித்தலும் மெலிதலும் காணலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும், ஒல்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரிலும் செய்து கடல் கடந்த நாடுகளுக்கு மலிவாக அனுப்பிய தட்டுகளிலோ சித்திரம் அச்சடித்து ஒற்றியது. உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு பார்த்தால் புள்ளிகளும் நுண்கோடுகளும் தெரியும். பூமாலை வளைந்து வந்து கூடுமிடத்தில் ஒரு பொருத்தும் தெரியும், சட்டைத் துணியின் தையலிற் பூக்கள் பொருந்தாமல் நிற்பதுபோல. பாட்டி காலத்துத் தட்டு என்பது பல வேளைகளில் இவ்வினத்ததே. அது பாட்டி காலத்தது என்பதில் பொய்யில்லை. ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தது என்பதே பொய்.

அடியிலுள்ள முத்திரையை நம்புவோரே மிகுதியாக ஏமாறுகின்றனர். 1686 முதல் 1701 வரை பட்டறை நடத்திய அட்ரியானுஸ் கொக்ஸ் என்பார் இரண்டு எழுத்துகளைப் பின்னி முத்திரையிட்டார். அது புகழ் பெற்றமையாற் பிற்காலத்தார் அதனைத் தாராளமாகப் பார்த்தெழுதினர். கலத்தின் அடியில் 'டெல்வ்ற்' என்ற சொல்லே முழுதாக எழுதியிருந்தால் மகிழ்ச்சியைச் சற்று ஒத்திவைத்தல் நன்று. பழைய குயவர் தம் பட்டறையைக் குறித்தனரேயன்றி ஊரை விளம்பரம் செய்யவில்லை. 1653இல் தோன்றி இன்றும் நடைபெறும் ஒரு பட்டறை 1876இல் கைமாறிப் புத்துயிர் பெற்ற பின்னரே, சிறு சாடியின் உருவத்தோடு ஊர்ப்பெயரையும் இடுவது வழக்கமாயிற்று. 'ஒல்லாந்தில் செய்தது' என்று ஆங்கிலத்தில் இருந்தால் அது இன்னும் பிந்தியது. அமெரிக்காவுக்குச் செல்லும் பண்டங்களில் நாட்டின் பெயர் பொறிக்கப்படவேண்டும் என்ற விதி 1891இல் நடைமுறைக்கு வந்த பின்னரே அவ்வழக்கம் பரவியது.

முத்திரையினும் தேய்வு நல்ல சாட்சி. அமெரிக்காவில் வேட்டைக்காரர் நீரில் மிதக்கவிட்டுக் காட்டு வாத்துகளை மயக்கி அழைக்கும் மரவாத்துகளுக்கு இன்று பெருவிலை உண்டு; ஆகவே போலிகளும் உண்டு. (அப்பொறிக்கு ஆங்கிலேயர் வழங்கும் 'டிகோய்' என்னும் சொல்லும், கூண்டு எனப் பொருள்படும் ஒல்லாந்தச் சொல்லிலிருந்து வந்தது என்பர்.) அவற்றைச் சோதிப்போர், வண்ணம் எங்கே தேய்ந்திருக்கிறது என்றே நோக்குவர். கை பற்றிய கழுத்திலும், படகில் உரசிய பக்கத்திலும் தேய்ந்திருந்தால் அது உழைத்த வாத்து. எங்கும் ஒரே அளவாகத் தேய்ந்திருந்தால் உப்புத்தாள் உழைத்தது. தட்டுக்கும் இதுவே அளவுகோல். பலகையில் உரசிய அடிவளையம் மேடு பள்ளத்துக்கேற்பத் தேய்ந்து, கீறல்கள் பல திசைகளில் ஓடி, அழுக்கு நுண்துளைகளுட் சென்றிருக்கவேண்டும். கீறல்கள் ஒரே திசையில் ஓடினால், நிறம் தேயிலைச் சாயம்போல் மேலாக நின்றால், கலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இத்தனை சோதனைக்குப் பின் டெல்வ்ற் கலம் எஞ்சுவது அரிது. ஆசியாவில் இருந்த ஒல்லாந்தருக்குச் சீனப் பீங்கான் அருகிலேயே மலிவாகக் கிடைத்தது; அவர்கள் கோட்டைகளின் மண்ணிற் கிடைக்கும் நீலவெண் துண்டுகளிற் பெரும்பகுதி சீனத்ததே. டெல்வ்ற் இல்லை என்று வருந்துவோர் வேலணைத் தீவின் அல்லைப்பிட்டியை எண்ணிப் பார்க்கவேண்டும். 1977இல் ஜோன் காஸ்வெல் முதலிய ஆய்வாளர் அங்கே அகழ்ந்து பெற்றவை சீனத்துச் சொங் அரசர் காலத்துக் கலத்துண்டுகள். அதாவது பதினொன்று, பன்னிரண்டாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. 2018இல் சாங்காய் அரும்பொருட்சாலையினர் இலங்கை ஆய்வாளருடன் சேர்ந்து மீண்டும் அங்கே அகழ்ந்தனர். அவற்றிற் பளிச்சென்ற நீலப்பூ இல்லை. மங்கிய பச்சையும் வெண்மையும் கபிலமுமான எளிய கலங்கள். நீலத்தையே தேடி நடப்பவன் அத்தகைய ஓட்டைக் காலால் ஒதுக்கிவிட்டுப் போவான்; ஒல்லாந்தர் வருகைக்கு ஐந்நூறு ஆண்டு முந்திய பொருளை ஒதுக்கினோம் என்பதை அறியவும் மாட்டான்.

அக்கலங்கள் இங்கு வந்ததற்குக் கல்லே சாட்சி பகர்கிறது. நயினாதீவிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்ச் சாசனம், பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்திறங்க வேண்டும் என்று விதிக்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் கெட்டால் நாலில் ஒன்று பண்டாரத்துக்கு, மூன்று உடையவனுக்கு. வணிகப் பொருள் கொண்டுவந்த கலம் கெட்டாற் சரிபாதி. பேராசிரியர் கா. இந்திரபாலா இதனை 1963இல் ஆராய்ந்து வெளியிட்டார்.

ஆகவே ஓட்டுத்துண்டு கிடந்த இடமும் அதன் சரித்திரத்தில் ஒரு பகுதி. கோட்டை மதிலடியில் இருந்து எடுத்து வந்து அலுமாரியில் வைத்தால், அழகு மிஞ்சும், சாட்சி போய்விடும். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் 1815 மார்ச் 2ஆம் நாளுக்கு முந்தியவற்றைத் தொல்பொருளாகக் கொள்கிறது. அனுமதியின்றி அவற்றை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோதல் குற்றம். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினருக்கு நினைவுப்பொருள் கொடுக்க நினைப்போர் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

வீட்டுக் கோப்பையின் நிலை வேறு. அதனை யார் கொண்டுவந்தார், எந்த வீட்டிலிருந்து சீதனமாக வந்தது, எந்தத் திருமணத்திற் சோறிட்டனர் என்பன வீட்டிலுள்ள முதியவருக்கே தெரியும். அவர் சொல்வதை ஒரு தாளில் ஆண்டோடு எழுதி, மடித்து, அக்கோப்பையோடு வைத்துவிடலாம். பின்னர் ஒருநாள் அறிந்தவர் ஒருவர் வந்து கலத்தைப் புரட்டிப் பார்க்கும்போது, முத்திரைக்கு முன் அந்தத் தாளையே வாங்கிப் படிப்பார்.