மாத்திரையை நிறுத்த வேண்டாம்: சீனி வருத்தமும் முதல் மூன்று மாதமும்

(உலக நீரிழிவு தினத்தையொட்டி நடைபெற்ற தோட்டத் தலைவர், தலைவிமார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சீனி வருத்தம் ஏன் வருகிறது, எதைச் சாப்பிட வேண்டும் என்று பல கூட்டங்களில் கேட்டிருப்பீர்கள். நான் பேச வந்தது வேறு விஷயம். கிளினிக்கில் மருந்து தொடங்கிய முதல் இரண்டு மூன்று மாதங்களில் உடம்பில் எதிர்பாராத சில மாற்றங்கள் வரும். நம் ஆட்கள் மாத்திரையைக் கைவிடுவது அந்த நேரத்தில்தான். "வருத்தம் தெரியாமல் இருந்தபோது நன்றாக இருந்தேன், மாத்திரை போட்ட பிறகுதான் உடம்பு கெட்டது" என்று லயத்தில் பேசுவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

முதலாவது கண். சீனி பல மாதம் கூடியிருந்தால் கண்ணுக்குள் இருக்கும் வில்லை அதற்கேற்ப மாறியிருக்கும். மருந்தால் சீனி இறங்கும்போது அது திரும்பவும் மாறுகிறது. அதனால் ஊசியில் நூல் கோர்க்க முடியாது, சம்பளச் சிட்டை மங்கலாகத் தெரியும். பெரும்பாலும் சில கிழமைகளில் சரியாகிவிடும். கடன் வாங்கி உடனே கண்ணாடி வாங்காதீர்கள். சீனி ஒரு நிலைக்கு வந்த பிறகு சோதித்து வாங்குங்கள். ஆனால் திடீரென ஒரு கண் இருண்டாலோ, கறுப்புப் புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுந்தது போல இருந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இரண்டாவது வயிறு. பெரும்பாலானோருக்கு முதலில் கொடுக்கும் மாத்திரை மெட்ஃபோர்மின். அது தொடக்கத்தில் சிலருக்கு வயிற்றைக் கலக்கும், குமட்டும், வயிற்றோட்டம் வரும். வீட்டில் இருப்பவர் சமாளிப்பார். கக்கூஸ் இல்லாத மலையில் கொழுந்து பறிக்கும் அக்கா என்ன செய்வார்? வெட்கத்தில் மாத்திரையை நிறுத்திவிடுவார். நிறுத்த வேண்டாம். வெறும் வயிற்றில் போடாமல் சாப்பாட்டோடு போடுங்கள். அப்படியும் தாங்கவில்லை என்றால் டொக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அளவைக் குறைத்துத் தொடங்கலாம், வேறு வகை மாத்திரையும் உண்டு.

மூன்றாவது நடுக்கம். 300இல் பழகிய உடம்புக்கு 120 வந்தாலே கை நடுங்கும், வியர்க்கும், பசிக்கும். உடம்பு பழகியதும் இது போய்விடும். ஆனால் சில மாத்திரைகளும் இன்சுலினும் சீனியை உண்மையாகவே 70க்குக் கீழே இறக்கிவிடும். காலையில் மருந்து போட்டு, தேத்தண்ணீரோடு மட்டும் மலை ஏறுபவருக்கு இந்த ஆபத்து அதிகம். சரிவில் மயங்கி விழுந்தால் உயிருக்கே ஆபத்து. மீட்டர் இல்லாத இடத்தில் யோசித்துக்கொண்டு நிற்காமல் உட்காருங்கள். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிடத்தில் குறையவில்லை என்றால் இன்னொரு தடவை குடியுங்கள். தெளிந்ததும் ரொட்டியோ சோறோ சாப்பிடுங்கள். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கூடையோடு ஒரு பொட்டலம் சீனியும் மலைக்கு வரட்டும்.

நான்காவது கால். சீனி வேகமாக இறங்கும்போது சிலருக்குப் பாதம் எரியும், ஊசி குத்துவது போல இருக்கும். நரம்பு சம்பந்தப்பட்டது, டொக்டரிடம் சொல்லுங்கள். குளிருக்கு அடுப்பில் கால் காய்ச்சாதீர்கள். உணர்ச்சி குறைந்த காலில் நெருப்புச் சுட்டாலும் தெரியாது. மலையால் வந்ததும் காலைக் கழுவி, விரல் இடுக்கு வரை பாருங்கள். அட்டை கடித்த இடம் ஆறாமல் இருந்தாலும், சிறு புண் சிவந்து வீங்கினாலும் தாமதிக்காமல் காட்டுங்கள்.

கடைசியாக, எடை. மருந்துக்கு முன் சிறுநீரோடு சீனி போனதால் மெலிந்திருப்பீர்கள். இப்போது அது உடம்பில் தங்குவதால் கொஞ்சம் சதை போடும். அதற்காக மருந்தைக் குறை சொல்ல வேண்டாம். ரொட்டியின் அளவைப் பாருங்கள். ஆனால் கால் வீங்கி மூச்சும் வாங்கினால் அன்றே காட்ட வேண்டும்.

தோழர்களே, இவ்வளவையும் தொழிலாளியின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் போய்விடுகிறது. அதனால்தான் பலர் மாத்திரை தீர்ந்தும் போவதில்லை. தலைவர், தலைவிமார் நிர்வாகத்தோடு பேசும்போது மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: கிளினிக் நாளுக்குப் பேர் வேண்டும், நேரத்துக்குச் சாப்பிட இடைவேளை வேண்டும், மலைக்குப் பக்கத்தில் கக்கூஸ் வேண்டும். உங்கள் லயத்தில் யாராவது மாத்திரையை நிறுத்தியிருந்தால், இந்த வாரமே போய் ஏன் என்று கேளுங்கள். அடுத்த கிளினிக்குக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.